அரிகிருஷ்ணன் போட்ட தரை

முத்தியால்பேட்டையில் அரிகிருஷ்ணன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. டைல்ஸ்காரர் என்றால் சந்து முனையில் படுத்திருக்கும் நாய்கூட வழிகாட்டும். அந்த மனிதருக்கு உலகத்தில் இரண்டே வகைத் தரைதான். முகம் தெரிகிற தரை, முகம் தெரியாத தரை. மில் தொழிலாளியான தன் அப்பா சாகிறவரை சாணம் மெழுகிய தரையில்தான் படுத்தார் என்பதை அவர் வெளியே சொன்னதே இல்லை. அந்த வெட்கத்தின் மேல்தான் முப்பது வருஷமாக ஊரார் வீடுகளில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். இதைக் கண்டுபிடித்தவள் அவர் மனைவி கன்னியம்மாள். கண்டுபிடித்த புதிதில் அவளுக்கு அழுகை வந்தது. இப்போதெல்லாம் கொட்டாவி வருகிறது.

அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் மல்லி. பிறந்த மூன்றாம் நாளே தாயை இழந்த அந்தக் கன்றைப் பாட்டிலில் பால் ஊட்டிப் பசுவாக்கியவள் அவள். வீட்டுக்குப் பின்னால் மண் தரையும் தகரக் கூரையுமாக ஒரு கொட்டகை. அங்கே இருவரும் நிம்மதியாகத்தான் இருந்தார்கள்.

போன பொங்கலுக்கு அரிகிருஷ்ணனின் பார்வை அந்தக் கொட்டகை மேல் விழுந்தது. கருவடிக்குப்பத்தில் ஒரு பங்களா ஹாலுக்குப் போட்டு மீந்த வெள்ளை டைல்ஸைக் கொண்டுவந்து அதன் மண் தரை மேல் சுவருக்குச் சுவர் ஒட்டினார். வாசலில் ஒரு பளிங்குக் கல் பதித்தார். அதில் ‘கோமாதா நிவாஸ், உபயம்: அரிகிருஷ்ணன்’ என்று செதுக்கியிருந்தது. மாட்டுப் பொங்கலன்று வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம், “செருப்பக் கழட்டிட்டு உள்ள போங்க” என்றார். வந்தவர்களும் கழற்றினார்கள். மல்லிதான் பாவம், குளம்பைக் கழற்ற வழியில்லாமல் பனிக்கட்டி மேல் நிற்பதுபோல் நான்கு காலையும் அகட்டிக்கொண்டு நின்றாள்.

“கொஞ்சம் வைக்கோலாவது பரப்பறேன்” என்றாள் கன்னியம்மாள்.

“வைக்கோலப் போட்டா பளபளப்பு எங்க தெரியும்? உனக்கு இதெல்லாம் புரியாது.”

புரியாதவள் மறுவாரமே அந்தத் தரையில் வழுக்கி விழுந்தாள். நடக்கத் தெரியவில்லை என்று அவர் சந்து முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

மாசி பிறந்தபோது மல்லியின் முன்னங்கால் முட்டிகள் இரண்டும் சாத்துக்குடி அளவுக்கு வீங்கியிருந்தன. வந்து பார்த்தவர்களின் கண்திருஷ்டி என்றார் அரிகிருஷ்ணன். பூசணிக்காய் கட்டினார். வீக்கம் இறங்கவில்லை. யாரோ ஒருவரைக் கூட்டிவந்து, வீங்கிய முட்டிமேலேயே பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போட வைத்தார். மல்லி கத்திய கத்தலில் கன்னியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். அவரோ, டைல்ஸ் மேல் விழுந்த கரியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவளே போய் மாட்டு டாக்டரை அழைத்துவந்தாள். சிந்துஜா என்ற அந்தச் சின்னப் பெண் முட்டியை அழுத்திப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், வாசலில் இருந்த பளிங்குக் கல்லையும் பார்த்தாள்.

“முட்டிக்குள்ள நீர் கோத்திருக்கும்மா. மாடு எழுந்திரிக்கும்போது முதல்ல முன்னங்கால் முட்டியத்தான் ஊணும். படுக்கும்போதும் அதத்தான் ஊணும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னண்டு தடவ இந்தக் கல்லுல இடிச்சா வீங்காம இன்னா செய்யும்? சூடு போட்ட புண்ணு வேற. மருந்து தரேன், ஆனா தரைய மாத்தணும்.”

“இத்தாலி மாடல் தரைம்மா இது” என்றார் அரிகிருஷ்ணன்.

“மாடு நம்மூர் மாடுங்க.”

அவள் போன பிறகு அவர் பல்லிடுக்கில் சிரித்தார். “புத்தகத்துல படிச்ச பொண்ணு. தரையப் பத்தி எனக்கே பாடம் எடுக்குது.”

மூன்றாம் நாள் படுத்த மல்லியால் எழ முடியவில்லை. எழுந்திருக்க உந்தியபோதெல்லாம் குளம்பு வழுக்கி மோவாய் தரையில் மோதியது. எட்டு மாதச் சினை வேறு. கண்ணோரம் கறுப்பாக நீர் வழிந்தது. அரிகிருஷ்ணன் மாட்டுத் தரகர் அம்மாவாசைக்குப் போன் போட்டு, “நாளைக்கு சாயந்திரம் வண்டி எடுத்துக்கினு வா, ஏத்திக்கினு போயிடு” என்றார். படுத்த மாட்டை ஏற்றிப்போகும் வண்டி எங்கே போகும் என்பது கன்னியம்மாளுக்குத் தெரியும். அன்று அவள் சாப்பிடவில்லை. சோறு மிஞ்சியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் அவர் வேலைக்குப் போன கையோடு, அவருடைய சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு அவள் கொட்டகைக்குள் நுழைந்தாள். முதல் அடி ‘உபயம்’ மேல் விழுந்தது. பிளந்த கல்லை உள்ளே தூக்கி எறிந்தாள். பிறகு மல்லியின் முகத்துக்கு எதிரே ஒரு டைல்ஸ், பக்கத்தில் ஒன்று, அடியிலிருந்த சிமெண்டுப் பூச்சு. மத்தியானத்துக்குள் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். பழைய மண்ணைக் கண்டதும் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தாள்.

சத்தம் கேட்டு எதிர் மரப்பட்டறை ஷஹாபுதீன் எட்டிப் பார்த்தார்.

“இன்னாக்கா, வீட்டுக்காரரு சம்மதமா?”

“அவரக் கேட்டா இடிக்கறேன்? உங்க பட்டறையில மரத்தூள் இருந்தா குடு தம்பி.”

“நாலு மூட்டை தரேன். ஆனா டைல்ஸ்காரர் கேட்டா நான் இன்னிக்குப் பட்டறையே தொறக்கல.”

மல்லியை மெல்லப் புரட்டி, முட்டிகளுக்கு அடியிலும் சுற்றிலும் மரத்தூளைப் பரப்பி முடித்தாள். சாயந்திரம் அரிகிருஷ்ணன் தரகரோடு வந்தார். கொட்டகை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். பசுவை அவர் பார்க்கவில்லை. குவிந்து கிடந்த சில்லுகளைத்தான் பார்த்தார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்போல உதடு துடித்தது. கன்னியம்மாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மல்லியின் வாலடியில் தோளைக் கொடுத்து, “எழுந்திரும்மா” என்றாள்.

மல்லி உந்தினாள். முட்டிகள் மரத்தூளுக்குள் புதைந்தன. வழுக்கவில்லை. பின்பக்கம் எழும்பியது. வலியில் ஒரு முனகல். பிறகு முன்னங்கால் ஒன்று, இன்னொன்று. நடுங்கிக்கொண்டே நின்றாள்.

அம்மாவாசை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நிக்கற சினை மாட்ட ஏத்தற பாவம் எனக்கு எதுக்கு. கால்ல ஏதோ வாயுன்னுதான போன்ல சொன்னீரு? உம்ம தரையிலதான்யா வாயு.”

வண்டி காலியாகத் திரும்பியது. அரிகிருஷ்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உடையாத டைல்ஸ் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று சில்லுகளைக் கிளறினார்.

“என் பேரு போட்ட கல்லு எங்கடி?”

“அதோ” என்றாள்.

இரண்டாகப் பிளந்த பளிங்குக் கல் மல்லியின் பின்னங்கால்களுக்கு நடுவே கிடந்தது. எழுந்து நின்ற பசு, வழக்கம்போல, அதன் மேல் சாணி போட்டு முடித்திருந்தது.

“தொடச்சு எடுத்துக்குங்க. எனக்கு வைக்கோல் பரப்பணும், தள்ளுங்க.”