சூசைமேரி எடுத்து வைத்த பிடி

சூசைமேரியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், சமையல்காரியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். நான் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. வாஷிங்டனும் தில்லியும் முறைத்துக்கொண்டபோது அடி யார் வயிற்றில் விழுந்தது என்று தெரிய வேண்டுமானால், அவளைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அவள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைப் பெண். கணவன் கஸ்பார் படகுத் தச்சன். ஐம்பதுகளின் கடைசியில் இருவரும் கப்பலேறி அந்தமானுக்கு வந்து, பெரார்கஞ்சுக்கு அப்பால் எங்கள் குடியிருப்பில் குடிசை போட்டார்கள். மகள் ரீத்தா தவழும் பருவத்தில் கஸ்பாரை மலேரியா கொண்டுபோனது. ஊருக்குத் திரும்பிப் போக அவளுக்கு அங்கே யாரும் இல்லை. மாதா கோயிலை ஒட்டிய கொட்டகையில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடும் வேலையை சாமியார் அவளுக்குக் கொடுத்தார்.

அந்தச் சாப்பாடு அமெரிக்காவிலிருந்து வந்தது. கோதுமை நொய், பால் பவுடர், தகர டின்னில் எண்ணெய். சாக்கில் இரண்டு கைகள் பற்றிக்கொண்டிருக்கும் படம் போட்டிருக்கும். "கல்யாணத்துல சாமியார் பிடிச்சுக் குடுப்பாரே, அது மாதிரில்லா இருக்கு" என்பாள் சூசைமேரி. வங்காளி, தெலுங்கு, தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவள் மௌசிதான், சின்னம்மா. பாதிப் பிள்ளைகளுக்கு வயிறு நிறைவது அந்த ஒருவேளைதான். ரீத்தாவுக்கும் அப்படித்தான்.

எங்கள் தூத்துக்குடிக் கடற்கரை வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவார்கள். அது கோயிலில் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனத்துக்கு, அல்லது கடலுக்குப் போக முடியாத நாளுக்கு. சூசைமேரி அமெரிக்க நொய்யிலும் அதையே செய்தாள். இந்தத் தீவில் மழைக்காலம் வந்தால் கப்பல் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு வருடம் சரக்குக் கப்பல் பிந்தியபோது, மற்ற ஊர்க் கொட்டகைகளில் அடுப்பு அணைந்து கிடந்தது. எங்கள் பிள்ளைகள் அந்தப் பிடி நொய்யில்தான் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் ஒரு பெரிய பீப்பாயே வைத்துக்கொண்டாள்.

அறுபத்தாறாம் வருடம். அமெரிக்கா வியட்நாமில் குண்டு போட்டுக்கொண்டிருந்தது. தில்லி அதைக் குறை சொன்னது. வாஷிங்டனுக்குக் கோபம் வந்தது, கோதுமைக் கப்பலை மாதாமாதம் இழுத்துப் பிடித்தே அனுப்பினார்கள். சோறு போடுகிறவன் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதுதான் விஷயம், மற்றதெல்லாம் பூச்சு. வருவதே குறைந்ததால், எந்த ஊரின் பங்கை வெட்டலாம் என்று பார்க்க ஆட்கள் கிளம்பினார்கள். எங்கள் ஊருக்கு மதராஸிலிருந்து ஜெகநாதன் என்பவர் வந்தார். கூடவே தமிழ் தெரியாத தில்லிக்காரர் ஒருவர்.

சூசைமேரிக்குச் சந்தோஷம். கொட்டகையைக் கழுவி வைத்திருந்தாள். யாரும் கேட்காமலே பீப்பாயின் மூடியைத் திறந்து காட்டினாள்.

"பாருங்க சார், ஒரு பிடி வீணாக்கல. சரக்கு ஜஹாஸ் லேட்டாச்சுன்னா பிள்ளைய பட்டினி கெடக்கக் கூடாதுல்லா."

ஜெகநாதன் மொழிபெயர்க்காமல் நின்றார். தில்லிக்காரர் தாமே எட்டிப் பார்த்து, "இத்னா பச் கயா?" என்று கேட்டார். இவ்வளவு மிஞ்சுகிறதா? தீவு இந்தி சூசைமேரிக்கு நன்றாகவே வரும்.

"ஹான் சாப்," என்று பெருமையாக ஆமோதித்தாள்.

புறப்படும்போது ஜெகநாதன் மட்டும் திரும்பி வந்தார். நல்ல மனிதர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். முகம் வாடியிருந்தது.

"ஏம்மா அதைக் காட்டுனீங்க? மிச்சம் இருந்தா தேவை இல்லைன்னுதான் அவங்க எழுதுவாங்க. நான் சொல்லிப் பார்க்கிறேன். கேப்பாங்கன்னு தோணல."

"தேவை இருக்கப்போயிதான சார் மிச்சம் பிடிச்சேன்?"

அவர் கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அந்தப் பீப்பாயை அவள் கட்டிக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. பசியை நன்றாகத் தெரிந்தவள்தான் எடுத்து வைப்பாள். தானம் கொடுக்கிறவனுக்கோ கை ஏந்துகிறவள் எப்போதும் வெறுங்கையோடு நிற்க வேண்டும்.

மழை விடுவதற்குள் உத்தரவு வந்தது. எங்கள் ஊர்ப் பங்கு பாதியாகக் குறைந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இனிச் சாப்பாடு கிடையாது. பீப்பாயில் இருந்ததைப் போட்டுச் சில வாரம் எல்லாருக்கும் சமாளித்தாள். பிறகு அதுவும் தீர்ந்தது.

மறுநாள் பிள்ளைகள் வழக்கம்போல் தட்டோடு வரிசையில் நின்றார்கள். பெரிய பிள்ளைகளை அனுப்பிவிடச் சாமியார் சொல்லியிருந்தார். வங்காளித் தாய்மார்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். யாருடைய பிள்ளையை முதலில் விரட்டுவாள் என்று எல்லார் கண்ணும் அவள் மேல்தான். சூசைமேரி கரண்டியைக் கீழே வைத்தாள். நடுவில் நின்ற ரீத்தாவிடம் போய், அவள் தட்டை வாங்கினாள். ரீத்தாவுக்கு அப்போது எட்டு வயது.

"நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல மக்கா," என்றாள் சூசைமேரி. "அம்ம மிச்சம் பிடிச்சுட்டேன்."