இரண்டு அடுக்கு இறக்கை

எங்கள் ஊர் வானத்தில் போகிற எல்லா விமானங்களுக்கும் கையாட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். விருத்தாசலத்துக்கும் விமானத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்கிருந்தோ கிளம்பி எங்கேயோ போகிறவை, போகிற வழியில் எங்களுக்கு ஒரு வெள்ளைக் கோட்டைப் போட்டுவிட்டுப் போகும், அவ்வளவுதான். அப்பா துபாய்க்குப் போன பிறகு அவையெல்லாம் எனக்கு வேண்டியவை ஆகிவிட்டன. எதில் அவர் இருக்கிறார் என்று தெரியாதபோது எல்லாவற்றுக்கும் ஆட்டிவிடுவதுதானே பத்திரம்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அம்மாவுக்குக் கரண்டுக் கம்பத்துப் பீங்கான் செய்கிற கம்பெனியில் ஷிப்டு வேலை. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதும் சித்தப்பாவின் பொம்மைப் பட்டறைக்குப் போய்விடுவேன். அங்கே பலகை பலகையாகப் பிள்ளையாரும் செட்டியாரும் மாம்பழ உண்டியலும் காய்ந்துகொண்டிருக்கும். பொம்மைகளுக்கு இன்னும் கண் எழுதியிருக்காது. என்னைப் பார்க்காத அந்தக் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். தனியாக இருக்கிறேன் என்று அப்போது சொல்லத் தெரியாது. பசிக்கிற மாதிரி இருக்கும், சாப்பிட்டாலும் போகாது.

வெள்ளிக்கிழமைதோறும் பட்டறைப் போனுக்கு அப்பா கூப்பிடுவார். அங்கே வெள்ளிதான் லீவு என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் குரலுக்குப் பின்னால் எப்போதும் லாரி ஹாரன் கேட்கும். துபாய் லாரியும் நம்மூர் லாரி மாதிரியே கத்துமா என்று ஒருமுறை கேட்டேன். ஆமாம் கண்ணு, எல்லா ஊர் லாரியும் ஒண்ணுதான் என்றார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை, ஆகிற மாதிரியும் தெரியவில்லை. அவருக்கு ஏதாவது ஒன்று மண்டைக்குள் புகுந்துவிட்டால் லேசில் வெளியே வராது. அந்த வருடம் புகுந்தது விமானம். பழைய பேப்பர் கடையில் பொம்மைகளைச் சுற்றிக் கட்டத் தாள் வாங்கப் போனவர், அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தோடு வந்தார். முழுக்கச் சின்ன விமானங்களின் படம். நாலைந்து பேருக்கு மேல் உட்கார முடியாத விமானங்கள், ஆரம்ப காலம் தொட்டு இன்றைக்கு வரைக்கும்.

முதல் பக்கங்களில் இருந்தவை மரச் சட்டத்தில் துணியைப் போர்த்திச் செய்தவை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை, நடுவே குச்சிகள், குறுக்கே கம்பிகள். ஓட்டுகிறவர் தலைக்கு மேலே கூரைகூடக் கிடையாது. பிறகு மேல் அடுக்கு மட்டும் மிஞ்சியது, அதைத் தாங்கச் சாய்வாக இரண்டு கால்கள். அடுத்து தகரத்தில் செய்தவை வந்தன. அவற்றுக்கு இறக்கை வயிற்றோடு ஒட்டி முளைத்திருந்தது, காலும் இல்லை கம்பியும் இல்லை. கடைசிப் பக்கத்தில் இருந்தது வெள்ளை வெளேரென்று, நீளமாக, ஒல்லியாக, பார்க்கப் பீங்கான் மாதிரியே இருக்கும்.

"கொலுவுக்கு எல்லாரும் அதே செட்டியாரு, அதே யானதான் போடுறான். நம்ம ப்ளேன் போடுவோம். போட்டா கடைசிப் பக்கத்துல இருக்கறதுதான்" என்றார் சித்தப்பா.

நல்லபடியாக வெந்து வருகிற முதல் விமானம் எனக்கு என்று சத்தியமும் செய்தார். நான் அதோடு விடவில்லை. அது அப்பா ஏறிப் போன விமானம் மாதிரியே இருக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டேன். மாதிரி வந்துவிட்டால் அதை வைத்து வானத்தில் அப்பாவுடையது எது என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது என் திட்டம்.

கடைசிப் பக்கத்து விமானத்துக்கு மோல்டு செய்து, களிமண் கரைசலை ஊற்றி, காயவைத்துச் சூளைக்குள் ஏற்றினார். எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. ஆனால் சூளைச் சூட்டில் மண் ஒரு கட்டத்தில் மறுபடி இளகும். நீண்ட இறக்கை தன் கனத்தையே தாங்காமல் தொங்கிவிடும். சூளையைப் பிரித்தபோது மழையில் நனைந்த காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அடுத்த தடவை இறக்கைக்குக் கீழே செங்கல் துண்டை முட்டுக் கொடுத்தார். பச்சை மண் வேகும்போது சுருங்கும், ஏற்கெனவே வெந்த செங்கல் சுருங்குமா? இறக்கை பிளந்துகொண்டது. பொம்மைக்காரர் ஒருவர் அதை மறந்தது பற்றி அம்மா ஒரு வாரம் சிரித்தாள்.

சித்தப்பா ஒரு பக்கம் பின்னால் புரட்டினார். தகர விமானமும் தொங்கியது. இன்னொரு பக்கம் புரட்டினார். சாய்வுக் கால் வைத்தது ஒரு பக்கம் நின்றது, ஒரு பக்கம் விழுந்தது. இப்படியே உலகம் முன்னேறி வந்த பாதையில் என் சித்தப்பா பின்னேறிப் போய், கடைசியில் முதல் பக்கத்துக்கே வந்து சேர்ந்தார். இரண்டு அடுக்கு இறக்கை, நடுவே ஆறு குச்சி. சூளையிலிருந்து அது அசையாமல் கொள்ளாமல் வந்தது. துணிக்கும் மரத்துக்கும் எது தேவைப்பட்டதோ அதுதான் மண்ணுக்கும் தேவைப்பட்டிருக்கிறது.

"இந்தா பாப்பா, உன்னுது" என்று நீட்டினார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இது அப்பா போன ப்ளேன் இல்ல" என்றேன்.

"நீ பாத்தியா? உங்கப்பாவையே கேளு. அவரு எப்படி சொல்றாரோ அப்படியே செஞ்சுத் தரேன்."

வெள்ளிக்கிழமை போன் வந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"அப்பா, நீ போன ப்ளேனுக்கு ரெக்க எப்படி இருந்துச்சு?"

"ரெக்கதான் கண்ணு. ரெக்க மாதிரி இருந்துச்சு."

"ஒண்ணு மேல ஒண்ணா? நடுவுல குச்சி குச்சியா வெச்சா?"

"ஆமா, அப்படித்தான். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

"மேல கூரையே இல்லாம தொறந்து இருந்துச்சா? மூஞ்சில காத்து அடிச்சுதா?"

"அடிச்சுது கண்ணு. கண்ணெல்லாம் எரிஞ்சுது."

போனை வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டேன். அவர் செய்ததுதான் சரி, அப்பா இதே மாதிரி விமானத்தில்தான் போனார் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சித்தப்பா ஈரப் பஞ்சால் ஒரு பிள்ளையாரின் தும்பிக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"தொறந்து இருந்துச்சுன்னா சொன்னாரு?"

"ஆமா சித்தப்பா. கண்ணு எரிஞ்சுதாம்."

அவர் பிள்ளையாரை அப்படியே பலகையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். என்னை மெச்சுவார் என்று காத்திருந்தேன், எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த வாரம் முழுக்க நான் வானத்துக்குக் கையாட்டவில்லை. மேலே போனவற்றுக்கெல்லாம் ஒற்றை இறக்கைதான். அவற்றில் அப்பா இருக்க முடியாது என்று இப்போது எனக்குத் தெரியும். கையாட்ட ஒன்றுமே இல்லாமல் போனதும் சாயங்காலங்கள் ரொம்ப நீளமாகிவிட்டன.

அடுத்த வெள்ளிக்கிழமை சித்தப்பாவே போனை எடுத்தார். என்னை டீ வாங்கிவர அனுப்பினார். திரும்பி வந்தபோது அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மட்டும், "நீ வூட்டுக்கு வாண்ணா, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். அப்பாவுக்கு லீவு தரமாட்டேன் என்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் விமானத்தை வைக்கோல் வைத்துக் கட்டி மொபெட்டில் வைத்தார். அப்பாவுக்கு அனுப்பப் போகிறேன் என்றார். கொடுக்க மனசே இல்லை, ஆனாலும் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டார். கையில் சூடு ஆறாத பரோட்டாப் பொட்டலம்.

"வேப்பூர்ல வாங்கியாந்தேன், துன்னு" என்று என் எதிரிலேயே குந்திக்கொண்டார். "நல்லாருக்குதா?" என்று கேட்டார். நான் தலையாட்டிய பிறகும், "நெஜமாவே நல்லாருக்குதா பாப்பா?" என்றார்.

அடுத்த பொங்கலுக்கு அப்பா வந்துவிட்டார், துபாய் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊருக்குச் சொன்னார்கள். அவர் விமானமே ஏறியதில்லை என்பது நான் கல்லூரிக்குப் போகும்போதுதான் எனக்குத் தெரிந்தது. சென்னையில் ஏஜெண்டு கம்பி நீட்டிவிட்டான். வேன் வைத்து வழியனுப்பிய சனங்களின் முகத்தில் விழிக்கக் கூசி, ஊருக்கு வருகிற வழியில் வேப்பூரில் இறங்கியவர் அங்கேயே தங்கிவிட்டார். நெடுஞ்சாலை ஓட்டலில் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் கண் எரிய நின்றார். ஓட்டலுக்குப் பக்கத்து டெலிபோன் பூத்திலிருந்துதான் வெள்ளிதோறும் பேசினார். எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்.

மூன்றாம் வகுப்புக்காரிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அந்த ஞாயிறுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா விமானம் வந்து சேர்ந்துவிட்டதென்றார். தபால்காரர்கள் துபாய்க்கு இவ்வளவு சீக்கிரம் போகிறார்களே என்று ஆச்சரியப்பட்டேன்.

"பரோட்டா நல்லாருந்துச்சா கண்ணு?" என்று கேட்டார்.

"நல்லாதான் இருந்துச்சு. உப்புதான் கம்மி."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அப்பா, "சரி கண்ணு" என்றார்.

அடுத்த ஞாயிறும் சித்தப்பா வேப்பூர் போய்ப் பொட்டலம் வாங்கி வந்தார். உப்பு சரியாக இருந்தது. கடைக்காரருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிட்டுக் கை கழுவ வெளியே வந்தபோது உயரத்தில் ஒரு விமானம் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போனது. கண்ணை இடுக்கிப் பார்த்தேன். ஒற்றை இறக்கைதான். அதில் அப்பா இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்ததால் கையாட்டாமல் உள்ளே போய்விட்டேன்.