திராட்சைப் பந்தலில் தொங்கிய இசைத்தட்டுகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம், உடுவிலில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் மனைவி அச்சுவேலியில் இருக்கும் தன் அக்காவுக்குத் துணையாக இரண்டு கிழமை போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும்.

அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றில் ஒன்றில் கீறல். சின்ன வயதில் அவளுடைய தம்பி, சுழலும் தட்டில் கையை வைத்ததால் வந்தது. ஊசி அங்கே வந்தால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும். "கையை எடடா, குரங்கே!" என்று சிரித்துத் திட்டிக்கொண்டே போய் ஊசியைத் தூக்கி வைப்பாள். அந்தத் தம்பி யுத்த காலத்தில் ஒருநாள் சைக்கிளில் வெளியே போனவன். இன்றுவரை தகவல் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் செய்தேன்.

இந்தக் காலத்துக்கு இசைத்தட்டு தேவையில்லை என்பது என் கட்சி. தூசு, இரைச்சல், ஊசி தேய்ந்தால் கொழும்புக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். எல்லாப் பாடல்களையும் இணையத்தில் தேடிக் கைபேசியில் சேர்த்தேன். அவ்வளவு தெளிவு! அவள் மகிழ்வாள் என்றே நினைத்தேன்.

அப்போது எங்கள் திராட்சைக் குலைகளைக் கிளிகள் கொத்திக்கொண்டிருந்தன. பக்கத்துத் தோட்டக்காரர் கிளிகளை விரட்டப் பழைய சீடிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நான் இசைத்தட்டுகளின் நடு ஓட்டையில் கயிறு கோத்துப் பந்தலைச் சுற்றிக் கட்டினேன்.

"மாஸ்டர், கிளியளுக்குப் பாட்டும் போட்டுவிடுங்கோவன்!" என்றார் அவர், வேலிக்கு மேலால். நானும் சிரித்தேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வெப்பத்தைப் பற்றிப் படிப்பித்தவன் நான். நாலாம் நாள் வெய்யிலில் தட்டுகள் தோசை போல வளைந்து தொங்கின. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மனைவி திரும்பிய அன்று பின்னேரம், தேநீரைக் கொடுத்துவிட்டு கீறல் தட்டில் இருந்த அந்தப் பாட்டைக் கைபேசியில் போட்டேன். அந்த வரி வந்ததும் அவள் வாயைத் திறந்தாள், எழும்பப் பார்த்தாள். பாட்டு நிற்காமல் கடந்து போய்விட்டது.

"இது எதிலை பாடுது?"

"போனிலை. எல்லாம் ஏத்திப் போட்டன். நல்ல தெளிவு, என்ன?"

"அப்ப தட்டுகள் எங்கை?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"அந்த இடத்திலைதான் அவன் வாறவன்," என்றாள். "உங்களுக்குத் தெரியும்தானே?"

அன்றே எல்லாவற்றையும் கழற்றினேன். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து, மேலே பாரம் ஏற்றி, அதே வெய்யிலில் வைத்து நிமிர்த்தப் பார்த்தேன். மற்றவை சரிவரவில்லை. கீறல் விழுந்த தட்டு மட்டும் ஓரளவு நிமிர்ந்தது. போட்டால் ஊசி அலையில் வள்ளம் போல ஏறி இறங்கும், குரல் நடுங்கும். ஆனாலும் கீறலுக்கு வந்து அதே வரியில் நின்றது. அவளைப் பார்த்தேன். கைகளை மடியில் வைத்தபடி இருந்தாள்; திட்டவும் இல்லை, எழும்பவும் இல்லை. கடைசியில் நான்தான் எழும்பி ஊசியைத் தூக்கினேன்.

தெளிவாகக் கேட்பதற்குக் கைபேசிதான் நல்லது என்று இன்றும் சொல்வேன். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் நானே அந்தத் தட்டைப் போடுகிறேன். அந்த வரி வந்ததும் உடனே எழும்பாமல், ஒருமுறையாவது அவள் திட்டட்டும் என்று காத்திருக்கிறேன்.