நேர்ந்துவிட்ட சேவலின் கால்

சேவல் நொண்டுவது என் கண்ணில் பட்டபோது, கணவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். கவனித்தேன் என்று சொல்வது அதிகம். பட்டது, அவ்வளவுதான். அந்த நாட்களில் எல்லாமே அப்படித்தான். கரண்ட் போனது, வந்தது, துக்கம் கேட்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். எதுவும் உள்ளே இறங்கவில்லை. அழுகையும் வரவில்லை. "கல்லாட்ட நிக்கறா பாரு" என்று ஒரு சொந்தக்காரம்மா சமையலறைக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நான் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சேவல் மற்றக் கோழிகளைப் போல இல்லை. கணவரைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, அத்தை, அதாவது அவருடைய அம்மா, கருப்பராயனுக்கு நேர்ந்துவிட்ட சேவல். மகன் நல்லபடியாக வீடு திரும்பினால் ஆடி மாதப் பூசையில் அதை அறுத்துப் பொங்கல் வைப்பதாக வேண்டுதல். அவர் ஆம்புலன்ஸில் வந்தார். அதைத் திரும்பி வந்ததாக எந்தச் சாமியும் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாது. சேவல் மட்டும் மிஞ்சியது. நேர்ந்துவிட்டதை விற்கக் கூடாது, வீட்டுக்கு அறுக்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. அத்தை கோழிக்கூட்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். கிணற்றடிக்குக்கூட வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

நான் அதைப் பிடித்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். விரல்களுக்கு நடுவே நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம், அதன்மேல் கறுப்பாக ஒரு பொருக்கு. தொட்டால் சூடு. ஒரு பையில் காற்று போக ஓட்டை போட்டு, அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மிருக ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் இரண்டு ஆடும் ஒரு கன்றுக்குட்டியும் நின்றன. கோழிக்காகவா இவ்வளவு தூரம் என்று ஆட்டுக்காரர் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

டாக்டரம்மா பாலக்காட்டுப் பக்கத்து மலையாளம் கலந்த தமிழில் பேசினார். "இது உயரத்துல இருந்து சாடும், இல்லே? தாழே சிமெண்டா?"

ஆமாம் என்றேன். பெருச்சாளி தோண்டுகிறது என்று கூட்டுக்குள் சிமெண்ட் போட்டவர் அவர். மரநாய்க்கு எட்டக் கூடாது என்று கோழிகள் அடைய என் தலை உயரத்தில் சட்டம் அடித்தவரும் அவர். கனமான சேவல் தினமும் அங்கிருந்து குதித்துக் குதித்து, பாதத்தில் அடிபட்டு, சின்னக் கீறல் வழியாக எச்சத்தின் அழுக்கு உள்ளே போய்ச் சீழ் பிடித்திருக்கிறது. ஒரு மனுஷன் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் இப்படித்தான் முடியுமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. துக்கம் வரவேண்டிய இடத்திலெல்லாம் அப்போது எரிச்சல்தான் வந்தது.

டாக்டரம்மா பாதத்தை வெந்நீரில் ஊறவைத்து, பொருக்கை எடுத்து, உள்ளிருந்த சீழை வெளியே எடுத்தார். அவித்த முட்டையின் மஞ்சள் கரு உதிர்கிற மாதிரிக் கெட்டியாக வந்தது. ஊசி போட்டு, மருந்து எழுதிக் கொடுத்து, "வீட்டுல கத்தி வெக்கண்டா. இப்படியே விட்டா எலும்புக்குப் போகும், அப்புறம் பிழைக்காது" என்றார்.

வீட்டில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. தினமும் காலையில் அவருடைய பழைய துண்டால் சேவலைச் சுற்றி, முகத்தையும் மூடி, மடியில் வைத்துக்கொள்வேன். கண் மறைந்தால் அது அடங்கிவிடும். உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தை ஊறவைத்து, துடைத்து, சிவப்பு மருந்து தொட்டு, களிம்பு தடவி, பஞ்சுத் துணி வைத்து, விரல்களுக்கிடையே நாடாவைக் கொடுத்துக் கட்டுவேன். இறுக்கினால் விரல் வீங்கும், தளர்ந்தால் கொத்திப் பிய்த்துவிடும். கட்டி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். அந்த நேரத்தில் எனக்கு எதுவும் தோன்றாது. தோன்றாமல் இருப்பதற்கு ஒரு காரணம் கையில் இருந்தது, அது போதுமாக இருந்தது.

புண்ணை மட்டும் ஆற்றிப் பயனில்லை, மறுபடி வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆகவே சிமெண்டின்மேல் தேங்காய்நார்த் தூளைக் கனமாகப் பரப்பினேன். நனைந்த இடத்தை அவ்வப்போது அள்ளிப் போட்டுக் காய்ந்ததை நிரப்பினேன். சட்டத்தைக் கழற்றி முழங்கால் உயரத்துக்கு இறக்கி, கூரான விளிம்பைச் செதுக்கி உருட்டினேன். மரநாய்க்காகக் கம்பி வலையை இரட்டையாக்கினேன். அவர் அடித்த ஆணிகள் லேசில் வரவில்லை. எதையும் உறுதியாகத்தான் செய்வார். வளைந்த ஆணிகளைத் தூக்கி எறிந்தேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் கொல்லங்கோட்டிலிருந்து வண்டியில் வந்தார். கணவரின் ஒரே தம்பி. சேவலின் கட்டைப் பார்த்தார்.

"நேந்து உட்டத நிறுத்தி வெக்கக் கூடாதுங்க அண்ணி. அண்ணன் போயிட்டாலும் சொன்ன சொல்லு சொன்னதுதானுங்க. ஆனா கால் ஊனமா இருந்தாச் சாமிக்கு ஆவாது. ஆடிப் பூசைக்குள்ள ஆறிருமுங்களா?"

"ஆறிரும்" என்றேன்.

அத்தை உள்ளே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

கொழுந்தனார் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆற்றினால் அறுப்பார்கள். ஆற்றாமல் விட்டால் எலும்புக்கு ஏறித் தானே சாகும். நல்ல பிழைப்பு என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் துண்டை எடுத்துக்கொண்டு வழக்கம்போல உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? அந்தச் சேவல் செத்துவிடக் கூடாது என்று மட்டும் எனக்கு இருந்தது. அவர் போனபின் நான் வேண்டும் என்று நினைத்தது அது ஒன்றைத்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

புண் ஆறிவிட்டது. வீக்கம் வற்றி, புதுத் தோல் இளஞ்சிவப்பாக மூடியது. கட்டை அவிழ்த்ததும் சேவல் பண்ணையார் மாதிரி மார்பை நிமிர்த்திக்கொண்டு வாசலை அளந்தது. கூவத் தொடங்கியது. கூவாமல் இருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

பூசை நாள் காலையில் கொழுந்தனார் வருகிற நேரம். அரிசியும் வெல்லமும் எடுத்து வைத்துவிட்டு, சேவலைப் பிடிக்கக் கோழிக்கூட்டுக்குப் போனேன். உள்ளே அத்தை உட்கார்ந்திருந்தார். இத்தனை மாதமாக அந்தப் பக்கம் தலைகாட்டாதவர், நார்த்தூளில் காலை நீட்டிக்கொண்டு, துண்டில் சுற்றிய சேவலை மடியில் வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் செய்ததையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்க வேண்டும். விரல்களுக்கிடையே நாடாவைச் சரியாகத்தான் கொடுத்திருந்தார். கால்தான் தப்பு.

"ஏனுங்கத்தை, புண்ணு வந்தது அந்தக் காலுங்க."

"இருக்கட்டும் அம்மிணி. எந்தக் காலா இருந்தா என்ன? சின்னவன் வந்துருவான், நாடாவப் புடி."

பிடித்தேன். நாடா முடிச்சு விழவும் வண்டிச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. துண்டை எடுத்ததும் சேவல் குதித்து இறங்கி, கட்டுப்போட்ட காலோடு கொழுந்தனாருக்கு முன்னாலேயே விறுவிறுவென்று நடந்து போனது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நொண்டுதுங்களாம்மா?" என்று கேட்டார் கொழுந்தனார்.

"நொண்டுது" என்றார் அத்தை.

கொழுந்தனார் என்னைப் பார்த்தார்.

"நொண்டுதுங்க" என்றேன் நானும்.

அவர் சேவலின் காலைப் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவர் சேலையில் ஒட்டியிருந்த நார்த்தூளையும் பார்த்தார். "அப்பச் சாமிக்கு ஆவாதுங்க. வெறும் பொங்கல் வெச்சுட்டு வந்தர்றேன்" என்று அரிசிப் பையை வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார் என்றுதான் நினைக்கிறேன்.

அத்தை சேவலை மறுபடி பிடித்து என் மடியில் வைத்தார். "எம்பையன்தான் ஊட்டுக்கு வரல. இதாவது இருக்கட்டும். அவுத்து உடு அம்மிணி, அவசரத்துல இறுக்கிட்டேன். வலிக்கும் அதுக்கு."

நாடாவை அவிழ்க்க எனக்கு வரவில்லை. முடிச்சு எங்கே இருக்கிறது என்றே தெரியாதபடி கண் நிறைந்துவிட்டது. துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அதில் அவர் வாசனை எப்போதோ போய்விட்டிருந்தது, கோழி வாசம்தான் அடித்தது. அத்தை குனிந்து நாடாவை அவிழ்த்தார். "அழு" என்றார்.