விமானக்காரரிடம் நீட்டிய பற்றுச்சீட்டு

கந்தப்பளைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு தம்பி. இரண்டாம் உலக யுத்தத்தில் சண்டை விமானம் ஓட்டியவர். அது முடிந்ததும் பயணிகள் விமானத்துக்கு மாறி, கொழும்புக்கும் திருச்சிக்குமாகப் பறந்துகொண்டிருந்தார். லீவு கிடைத்தால் அண்ணன் பங்களாவில் வந்து தங்குவார். நான் அங்கே வீட்டு வேலை செய்தேன்.

சண்டைக்குப் போய்வந்தவர் என்றால் மீசையும் முறைப்புமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். இவரோ தேத்தண்ணியில் மூன்று கரண்டி சீனி போடுகிறவர், நாய்க்குப் பயந்தவர். அவரிடம் கேட்க எனக்கு ஆயிரம் இருந்தது. மேகத்துக்குள் வழி எப்படித் தெரியும்? மேலே பசித்தால் என்ன செய்வது? இங்கிலீஷ் என் காதில் கொஞ்சம் ஏறும், வாயில் வராது. அதனால் துரையை இடையில் வைத்துக் கேட்பேன். துரையின் தமிழ் வேலை ஏவுகிற தமிழ், மரியாதைக்கு அதில் இடமில்லை. "மேகம் உள்ளே கண்ணு வேலை இல்லே. மிசின் முள்ளு பாத்துப் போறான்" என்று சொந்தத் தம்பியையே சொல்வார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்ததைக் கேட்பேன்.

ஒரு மழைக்காலத்தில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. தாயில்லாத என் வீட்டுக்காரரைத் தூக்கி வளர்த்த அக்கா, திருச்சிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். தம்பியை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும் என்று எழுதச் சொல்லியிருந்தாள்.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். இவருக்கு இரண்டும் ஆடின. அன்றைக்கே ஆபீசுக்குப் போய்ப் பற்றுச்சீட்டு எழுதி வாங்கிவிட்டார். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகிறவன் கையில் அது இருந்தால்தான் அங்கே பேர் பதிவார்கள். எங்கள் சனத்துக்குத் தெரிந்த பயணத் தாள் அது ஒன்றுதான். ஆனால் அதை வாங்கினால் இங்கே பேரை வெட்டிவிடுவார்கள், லயத்தில் நாங்கள் குடியிருந்த காம்பிராவும் போய்விடும்.

"புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா உங்களுக்கு?" என்று சண்டை போட்டேன்.

"அக்காவப் பாத்துட்டு வந்து தொரை கால்ல விழுந்துக்கிறேன்" என்றார்.

பின்னேரம் பங்களா வாசலில் வந்து நின்றார். "தொரைங்களே, தம்பித் தொரைங்க பிளேன்ல ஒரு மூலையில குந்திக்கிட்டுப் போயிர்றேங்க. லாரியில தேயில மூட்டை மேல போறோமே, அந்த மாதிரி." பற்றுச்சீட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

விமானக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை எந்த நாடு கொடுத்தது என்று அண்ணனிடம் கேட்டார். இலங்கைக் குடியுரிமைக்கு நாங்கள் போட்ட மனு தள்ளப்பட்டிருந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டும் இல்லை. போகத் தாள் இல்லை, எப்படியாவது போனாலும் திரும்பி வரத் தாள் இல்லை. துரை ஒருவழியாக அதைத் தம்பிக்கு விளக்கி முடித்தார். மறுநாளே ஆபீசில் சொல்லிப் பேரைத் திரும்பப் பதிய வைத்தார். அதற்கு அவர் நன்றாக இருக்கட்டும்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "யுத்தத்துல இவங்க அடுத்த நாட்டு மேல பறந்தப்ப யாராச்சும் தாள் கேட்டாங்களான்னு கேளுங்க தொரைங்களே."

துரை முறைத்தார். ஆனாலும் கேட்டார். தம்பி என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"ஒருத்தனும் கேக்கலே, சொல்றான்" என்றார் துரை.

கொழும்புக்குத் திரும்பும்போது அந்தக் கிராமத்தின் பெயரைத் தம்பி கேட்டு எழுதிக்கொண்டார். அக்காவுக்கு ஒரு பொட்டலம் தேயிலைத் தூள் கொடுத்துவிட்டோம். திருச்சியில் தபாலில் போட்டுவிடுவார் என்று நினைத்தோம்.

இரண்டு மாதம் கழித்து அவர் தனியாக எங்கள் லயத்துக்கே நடந்து வந்தார். அதற்குப் பத்து நாள் முன்புதான் அக்கா போய்விட்டாள் என்று கடிதம் வந்திருந்தது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் அழவுமில்லை, பேசவுமில்லை.

திருச்சியில் விமானம் ஒரு நாள் நின்றபோது, தம்பித் துரை பஸ் பிடித்து அந்தக் கிராமத்துக்கே போயிருக்கிறார். அவர் இங்கிலீஷில் அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. மற்றதைக் கையால் காட்டினார். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள், எங்கள் தேயிலையில் இரண்டு மிடறு குடித்தாள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள்.

என்ன பேசினாள் என்று சைகையில் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். பாவம், அவருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது.

"அக்கா புடிச்சது எந்தக் கையின்னு கேளு" என்றார் என் வீட்டுக்காரர்.

கேட்டேன். என் இரண்டு கையையும் மாற்றி மாற்றிக் காட்ட, அவர் வலது கையை நீட்டினார். அதுவரை எந்தத் துரையையும் தொட்டறியாத மனிதர், அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, "அக்கா" என்று அழுதார்.