அத்தையின் சேனல்

வேலை செய்யாத இரண்டாவது சேனலைப் பார்க்கலாமென்று அப்பாவின் பழைய கிதார் ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். உள்ளே சூடேறும் கண்ணாடி வால்வில் படிந்த தூசி கருகும் வாசனை வந்தது. எங்கள் ஜெயங்கொண்டம் வீட்டுச் சாயங்காலத்தின் வாசனை அது.

அப்பாவின் கிதார் ஒரு சேனலில், அவர் தங்கை செல்வி அத்தையின் மைக் இன்னொன்றில். வால்வு சிவக்கும்வரை யாரும் பேசக் கூடாது. அத்தை மட்டும் பனங்கற்கண்டைப் பல்லில் தட்டவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும். அது பாட ஆரம்பித்தால் எதிர் வீட்டில் முந்திரி உடைக்கும் சத்தம்கூட நின்றுவிடும்.

தா.பழூருக்கு வாக்கப்பட்டுப் போன அத்தையைப் புகுந்த வீட்டில் பாட விடவில்லை. அப்புறம் பாட வந்த பெண்களிடமெல்லாம் அப்பா, "அந்தச் சேனல் ரிப்பேரும்மா, கிதார் மட்டுந்தான் கேக்கும்" என்றார். அவர் இருந்தவரை அப்படியேதான் கிடந்தது.

சுவிட்சை அணைத்துப் பெட்டியைத் திறந்தேன். பழுது எதுவுமில்லை. மைக் வயரை மட்டும் பற்றவைத்த இடத்திலிருந்து பதமாக எடுத்து, நுனியில் கறுப்பு டேப் சுற்றி மடித்து வைத்திருந்தார் அப்பா.

அத்தைக்குப் போன் போட்டேன்.

"தொண்டை எப்படி இருக்கு அத்தை?"

பனங்கற்கண்டு பல்லில் தட்டும் சத்தம்தான் முதலில் கேட்டது.