மாமா ஏறி முடிக்காத மலை

மாமாவுக்குப் பெண் பார்க்க நாங்கள் ஒரு மலைக்குப் போனோம். இதைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. பெண் வீட்டுக்குப் போய், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலியில் பையனை உட்கார்த்தி, சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு வருவதுதானே உலகத்தில் உள்ள வழக்கம்? எங்கள் மாமாவுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லாமல் போயிற்று. அதற்கு முழுக் காரணமும் அவரேதான்.

மட்டாஞ்சேரியில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல், நடுவில் தோசைக்கல் மாதிரி தட்டையான ஊர். மாமா கொச்சங்காடியில் சுக்கும் மிளகும் மொத்த வியாபாரம் செய்கிற ஒருவரின் குடோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் அவர் ஏறிய பெரிய உயரம் அங்கே அடுக்கியிருந்த சாக்கு மூட்டைதான். அப்படிப்பட்டவர், கல்யாணத்துக்காக இணையத்தில் தன் விவரங்களைப் பதிந்தபோது, பொழுதுபோக்கு என்ற இடத்தில் ‘மலையேற்றம்’ என்று எழுதிவிட்டார்.

“டிவி பாக்கறதுன்னு எழுதினா எவ திரும்பிப் பாப்பா?” என்பது அவருடைய கட்சி. அதற்கு முன் வந்த இடங்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கை நழுவிப் போயிருந்தன. மாமாவின் முன்நெற்றியும் மேலே போகத் தொடங்கியிருந்தது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வினை திருப்பூணித்துறையிலிருந்து வந்தது. பெண் பள்ளிக்கூட ஆசிரியை. லீவு விட்டால் போதும், பையை மாட்டிக்கொண்டு நிஜமாகவே மலை ஏறப் போகிறவளாம். அவளுடைய அப்பா போனில் உற்சாகமாகப் பேசினார். “ஆத்துல உக்காந்து என்னத்தப் பேசப் போறோம்? ரெண்டு பேருக்கும் மலைன்னா இஷ்டமாச்சே! இடுக்கிப் பக்கம் சின்னதா ஒரு மலை இருக்கு. வர துலா மாசத்துல, ஐப்பசி பொறந்ததும் ஒரு சனிக்கிழமை எல்லாருமாப் போயிட்டு வரலாம்.”

போனை வைத்தபோது மாமாவின் முகத்தைப் பார்க்கணுமே! உண்மை தெரிந்தது எனக்கும் அவருக்கும்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. என்னை மாடிப்படிக்கு அடியில் இழுத்துக்கொண்டு போய், “இந்த இடமும் போச்சுன்னா நான் சன்யாசம் வாங்கிண்டு எங்கயாவது போயிடுவேன், கேட்டோ. நீதான் எனக்குத் துணை” என்றார். மாமா காவி கட்டிக்கொண்டு போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை என்னைப் படகில் யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? உடனே சம்மதித்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து குடோனில் பயிற்சி தொடங்கியது. மாமா போனில் வீடியோவைப் பார்ப்பார், நிறுத்துவார், மூட்டை மேல் ஏறுவார், மிளகுத் தூசியில் தும்முவார், மறுபடியும் பார்ப்பார். கயிற்றில் அவிழாத முடிச்சு ஒன்று போடக் கற்றுக்கொண்டதும், அதைச் சோதிக்க என் இடுப்பில் கட்டி உத்தரத்தின் வழியாக என்னைக் கீழே இறக்கினார். முடிச்சு நிஜமாகவே அவிழவில்லை. பாதி வழியில் கயிறு உத்தரத்தில் சிக்கிக்கொள்ள, நான் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டு தொங்கினேன். மூட்டை தூக்கும் சேட்டன் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, “எந்தா சாரே, மோளெ உணக்கான் இட்டதாணோ?” என்றார். சுக்கோடு சுக்காக என்னையும் காயப் போட்டிருக்கிறீர்களா என்று கேட்கிறாராம்! எனக்குச் சிரிப்பில் விக்கலே வந்துவிட்டது.

அடுத்தது ஷூ. பிராட்வே முழுக்க அலைந்து, டிராக்டர் டயர் மாதிரி அடிப்பாகம் உள்ள ஒன்றை மாமா வாங்கி வந்தார். புது ஷூவோடு மலைக்குப் போகக்கூடாது, முன்னாலேயே தினமும் போட்டு நடந்து காலுக்குப் பழக்கிக்கொள்ளவேண்டும் என்று வீடியோவில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் வீட்டில் பெரியம்மா இருந்தாளே! பெரியம்மா அம்மாவுக்கு அக்கா. மாமாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் சொல்லுக்கு வீட்டில் அப்பீல் கிடையாது.

“நல்ல காரியத்துக்குன்னு வாங்கினதை இன்னிக்கே போட்டுத் தேய்ப்பாளா? அன்னிக்குக் காலம்பற கிழக்கே பாத்து நின்னுண்டு போட்டுக்கோ” என்று பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். புதுசுக்குக் குங்குமம் வைக்கவேண்டும். ஆனால் செருப்புக்கு வைக்கலாமா? கொஞ்ச நேரம் யோசித்து, அட்டைப்பெட்டியின் மூலையில் வைத்து அந்தப் பிரச்சினையை முடித்தாள்.

அந்தச் சனிக்கிழமை விடிவதற்கு முன்பே வாடகை வேனில் கிளம்பினோம். அம்மாவுக்கு அலுவலகம். அதனால் மாமா, பெரியம்மா, நான் மூன்று பேர்தான். போகிற வழியில் திருப்பூணித்துறையில் பெண்ணும் அவளுடைய அப்பாவும் ஏறிக்கொண்டார்கள். பெரியம்மா பட்டுப் புடவை. பெண்ணோ தேய்ந்துபோன ஷூவும் வெளுத்த முழுக்கைச் சட்டையுமாக இருந்தாள். பார்த்தவுடனே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

மலையடிவாரத்துச் சாயாக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. அக்கா வானத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தாள். “மாமி, மத்தியானம் இடி வரும். இப்பவே ஏற ஆரம்பிச்சா நன்னாருக்கும்” என்று பெரியம்மாவிடம் பணிவாகச் சொன்னாள்.

“இடி வரப்போ வரட்டும். ராகு காலம் இப்பவே வந்தாச்சே!” என்றாள் பெரியம்மா. ஒரு நல்ல காரியத்தில் ராகு காலத்தில் முதல் அடி எடுத்து வைப்பதா? பத்தரை வரைக்கும் எல்லாரும் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். பெண் வீட்டார் கொண்டுவந்த டப்பாவில் நிலக்கடலையும் பேரீச்சம்பழமும்தான் இருந்தன. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வேறு. பெரியம்மா என் காதில், “பொண்ணு பாக்க வந்தவாளுக்குக் கடலையா?” என்று பொருமினாள். இப்படி நடக்கும் என்று தெரிந்தேதான் சொஜ்ஜி, பஜ்ஜி இரண்டையும் அவளே செய்து தூக்கு நிறையக் கொண்டுவந்திருந்தாள். மாமா பதற்றத்தில் பஜ்ஜியாகத் தின்று தீர்த்தார்.

ஏறத் தொடங்கிய முதல் வளைவிலேயே பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நான் கடையிலேயே இருந்து வேண்டிக்கறேன்” என்று திரும்பிவிட்டாள். போகும்போது என்னைக் கிள்ளி, “ரெண்டு பேரும் என்ன பேசிக்கறான்னு ஒண்ணு விடாம வந்து சொல்லணும்” என்றாள். ஆக, எனக்கு இரண்டு வேலைகள். மாமாவைக் காப்பாற்றுவது, பெரியம்மாவுக்கு உளவு சொல்வது.

அக்கா ஒரு விசிலை எடுத்து என் கழுத்தில் மாட்டினாள். “வழி தப்பிடுத்துன்னா தேடிண்டு நடக்கப்படாது. அங்கயே உக்காந்து மூணு தடவை ஊதணும். நாங்க வந்துடுவோம்” என்றாள். நான் அங்கேயே மூன்று தடவை ஊதிப் பார்த்தேன். கீழே பெரியம்மா தூக்கோடு எழுந்து நின்றுவிட்டாள். பிறகு அக்கா என்னை எல்லாருக்கும் முன்னால் நடக்கவிட்டாள். யார் மெதுவாக நடப்பார்களோ அவர்கள் முன்னால் போகவேண்டும், மற்றவர்கள் அந்த வேகத்தில் வரவேண்டுமாம். என்னை அந்தப் படைக்கே தளபதியாக்கிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பின்னால் மாமா, “இதென்ன பிரமாதம், இதைவிடப் பெரிசெல்லாம் பாத்தாச்சு” என்று அக்காவின் அப்பாவிடம் அளந்துகொண்டே வந்தார். ஆனால் கொஞ்ச நேரத்தில் பேச்சு குறைந்தது. நடை மாறியது. திரும்பிப் பார்த்தால் ஒரு காலைத் தரையில் வைப்பதும் எடுப்பதுமாக, வெந்நீரில் நடக்கிற மாதிரி நடந்தார். குங்குமம் வைத்த பெட்டியிலிருந்து வந்த ஷூ குதிகாலைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஈரமான புல் வந்ததும் அட்டைகள் வந்தன. மாமாவின் காலில் ஒன்றைக் கண்டதும் அவர் குதித்த குதியில் மலையேற்ற அனுபவமெல்லாம் சந்தி சிரித்தது. அக்கா பதறவே இல்லை. மாமாவின் காலில் இருந்ததை நகத்தால் நெம்பி எடுத்துப் போட்டுவிட்டு, தன் பேண்டையும் சுருட்டிக் காலைப் பார்த்தாள். அவள் கணுக்காலுக்கு மேல் நீளமாக ஒரு தழும்பு தெரிந்தது.

“அட்டை இவ்வளவு பெரிசாக் கடிக்குமா?” என்று கேட்டேன்.

“இது வழுக்கி விழுந்தது. இதே மாதிரி இன்னொரு மலை. மழை வரதுன்னு தெரிஞ்சும், கூட வந்தவாளுக்கெல்லாம் மேல போயே தீரணும்னு பிடிவாதம்” என்றாள். அட்டை இல்லை என்றதும் எனக்கு அதில் சுவாரசியம் போய்விட்டது.

மரங்கள் முடிந்து மொட்டைப் பாறை தொடங்கியது. உச்சி கண்ணுக்கு எதிரே இருந்தது. இதோ, ஓடினால் தொட்டுவிடலாம். அக்காவின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “வாங்கோ மாப்ளே, பத்து நிமிஷம்!” என்றார். மாப்ளே! என் காதால் கேட்டேன். பெரியம்மாவிடம் சொல்ல இதைவிடப் பெரிய சேதி உண்டா? காரியம் பழுத்துவிட்டது, உச்சியில் போய் நின்றால் முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

மாமா நகரவில்லை. கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே வானம் கன்னங்கரேலென்று இருந்தது. துலா மாதத்தில் குடோன் முற்றத்தில் காயப் போட்ட சுக்கை மழைக்கு முன் எப்போது அள்ளுவது என்று பார்ப்பாரே, அதே பார்வை. தூரத்தில் மெதுவாக ஓர் உறுமல் கேட்டது.

“திரும்பிடலாம்” என்றார்.

“இடி எங்கயோ கேக்கறது. அதுக்குள்ள தொட்டுட்டு வந்துடலாம். மலை ஏறறவர் இதுக்கா பயப்படறது?” என்றார் அக்காவின் அப்பா.

நான் மாமாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், மேலே கையை நீட்டினேன். மாமா என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். “நான் மலையே ஏறினதில்லை. இன்னிக்குத்தான் முதல் தடவை. சும்மா ஒரு கெத்துக்கு எழுதிட்டேன், மன்னிச்சுக்கோங்கோ. ஆனா இந்த மேகம் எனக்குத் தெரியும். அரை மணிகூடத் தாங்காது. மொட்டைப் பாறை, கூட ஒரு குழந்தை. நான் வரமாட்டேன், அவளையும் விடமாட்டேன்.”

எனக்குப் பாறை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. எத்தனை மூட்டை ஏறினோம், எத்தனை தும்மல் தும்மினோம்! எல்லாவற்றையும் ஒரே வாயால் கெடுத்துக்கொண்டாரே! அக்காவின் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்கா வானத்தைப் பார்க்கவே இல்லை, மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்து, “ஷூவைக் கழட்டுங்கோ. இறங்கறச்சேதான் இன்னும் வலிக்கும்” என்றாள்.

மரங்களுக்குள் நாங்கள் இறங்கி வந்துகொண்டிருந்தபோது, மேலே மொட்டைப் பாறைப் பக்கம் பளீரென்று மின்னல் வெட்டி ஓர் இடி விழுந்தது. காது அடைத்துப் போயிற்று. அக்காவின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசிவரை விடவில்லை.

சாயாக்கடைக்குள் நனைந்த கோழிகளாக நுழைந்தோம். “எந்தாயி?” என்று, போன காரியம் என்ன ஆயிற்று எனக் கடைக்கார சேட்டன் விசாரித்தார். நான் பெரியம்மாவின் பட்டு மடியில் விழுந்து, “எல்லாம் போச்சு! மாமா உண்மையைச் சொல்லிட்டார்! உச்சிக்கும் போகலை!” என்று ஓவென்று அழுதேன். பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

திரும்பும் வேனில் வழியெல்லாம் நான் அழுதுகொண்டே வந்தேன். திருப்பூணித்துறையில் அவர்கள் இறங்கும் இடம் வந்ததும், நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே விசிலைக் கழற்றி நீட்டினேன். அக்கா அதை வாங்கித் திரும்ப என் கழுத்திலேயே மாட்டினாள். “ஒங்கிட்டயே இருக்கட்டும். அடுத்த தடவை வேணுமே” என்றாள். அப்புறம் மாமாவைப் பார்த்து, “அந்த ஷூவை நாளையிலேர்ந்து தினம் போட்டுண்டு நடங்கோ. காலுக்குப் பழகட்டும்” என்று சொல்லிவிட்டு, மழையில் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

வேன் நகர்ந்ததும் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தை மாதத்தில் எந்தெந்தத் தேதியில் முகூர்த்தம் இருக்கிறது என்று வாய்விட்டு யோசிக்க ஆரம்பித்தாள். யாருக்குக் கல்யாணம் என்று நான் கேட்டேன். பெரியம்மா விரல் விட்டுத் தேதிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

தினம் ஷூ போட்டு நடப்பது, பொய் சொன்னதற்கு டீச்சர் அக்கா கொடுத்த தண்டனை என்று எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. எங்கள் வகுப்பிலும் அப்படித்தான். தப்பு செய்தால் தினமும் ஏதாவது செய்யச் சொல்வார்கள். மறுநாளே மாமா வேட்டிக்குக் கீழே அந்த டிராக்டர் ஷூவை மாட்டிக்கொண்டு, பிளாஸ்திரி ஒட்டிய காலோடு கொச்சங்காடி முழுக்க நொண்டிக்கொண்டு போனார். பாவம் மாமா என்று வாசலில் நின்று பார்த்தேன். தண்டனையை நிறைவேற்றப் போகிற மனுஷர், எதற்காக அப்படிச் சீட்டியடித்துக்கொண்டு போகிறார் என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.